மயக்கம்னா என்ன? ஏட்காம் கிளாஸ் முடிச்ச கையோட பேசுறேன்

வணக்கம் மக்களே, காலேஜ்ல இருந்து இப்பதான் வந்தேன், சேத்துப்பட்டு சிக்னல்ல அரை மணி நேரம் நின்னாச்சு, முகம் கூட கழுவல, மனசுல இருக்கும்போதே பேசிடணும்னு கேமராவ ஆன் பண்ணிட்டேன்.

இன்னைக்கு செகண்ட் இயர் பசங்களுக்கு ஏட்காம் கிளாஸ். தெரியாதவங்களுக்கு சொல்றேன், டாக்டருக்குப் படிக்கிற பசங்க பேஷண்ட்கிட்ட எப்படி நடந்துக்கணும் எப்படி பேசணும்னு சொல்லித்தர்ற பாடம் இது, 2018ல புக் போட்டாங்க, 2019 பேட்ச்ல இருந்து எம்பிபிஎஸ்ல கட்டாயம். நாங்க படிச்சப்போ இதெல்லாம் கிடையாது, சீனியர் எப்படி பேசுனாரோ அதையே பாத்து நாங்களும் பேசுனோம்.

கிளாஸ்ல நான் லெக்சர் எடுக்கல. எங்க டிபார்ட்மெண்ட்ல வேலை செய்ற ஒரு அக்காவ பேஷண்ட்டா நடிக்க வச்சேன். நடிக்க ஆள் வச்சு சொல்லித்தர்ற இந்த முறைய 1963ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஹோவர்ட் பரோஸ்னு ஒரு நியூராலஜி டாக்டர் ஆரம்பிச்சாரு. கேஸ் நான் எழுதுனதுதான், பூ விக்கிற அம்மா, 55 வயசு, சுகர் இருக்கு, விடியக்காலைல மூணரைக்கு எழுந்து கோயம்பேடு போய் பூ வாங்கிட்டு வந்து மயிலாப்பூர்ல கட்டி விக்கிறவங்க.

ஒரு பையன் உக்காந்தான், நல்லா படிக்கிற பையன். அக்கா "மயக்கமா வருது தம்பி, காலைல எழுந்து மார்க்கெட்டுக்கு…"ன்னு ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான், "எத்தனை நாளா? விழுந்தீங்களா? பிரஷர் இருக்கா?"ன்னு வரிசையா கேட்டுட்டே போறான். நான் போன்ல டைம் பாத்தேன், 11 செகண்ட். கேஸ் ஷீட்ல சின்கோப்னு, அதாவது கொஞ்ச நேரம் நினைவு தப்பிப் போறதுன்னு எழுதிட்டு சிடி ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றான்.

நான் கேட்டேன், "கண்ணா, மயக்கம்னா என்ன?" முழிச்சான். நம்ம ஊர்ல தலை சுத்துனாலும் மயக்கம்தான், கண்ணு இருட்டிட்டு வந்தாலும் மயக்கம்தான், நினைவு தப்பி கீழ விழுந்தாலும் மயக்கம்தான், உடம்புல சத்தே இல்லாம அசதியா இருந்தா அதுக்கும் மயக்கமா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. டெக்ஸ்ட் புக்ல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பேரு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வைத்தியம். அந்த அம்மா சொன்ன வார்த்தைய நம்ம இங்கிலீஷ் வார்த்தையா மாத்துற அந்த ஒரு நொடியில தப்பு நடந்துடுது.

ரெண்டாவது தடவை அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், "என்ன பண்ணுதும்மான்னு கேளு, அவங்க நிறுத்துற வரைக்கும் வாய தொறக்காத." அக்கா பேசுனாங்க. "மூணரைக்கு எழுந்ததும் சுகர் மாத்திரைய போட்டுக்குவேன் தம்பி, அப்புறம் மறந்துடும்ல, ஒரு டீ குடிப்பேன், பூவெல்லாம் கட்டி வச்சு ஏவாரம் ஆரம்பிச்சு இட்லி சாப்பிட பதினொண்ணு ஆயிடும், அதுக்கு முன்னாடிதான் கை நடுங்கி வேர்த்து ஊத்தி மயக்கமா வரும்." கிளாஸே அமைதியாயிடுச்சு. மாத்திரை போட்டு ஏழு மணி நேரம் சாப்பாடு இல்ல, சுகர் இறங்குது. சிடி ஸ்கேன்ல இது தெரியவே தெரியாது. அக்கா பேசி முடிக்க ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு, அவ்ளோதான்.

ஒரு பொண்ணு எழுந்து "ஓபில அவ்ளோ கூட்டம் நிக்குதே மேம்"னு கேட்டா. நியாயமான கேள்வி, காலைல எட்டு மணிக்கு ஓபி சீட்டு லைன பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா 1984லயே அமெரிக்காவுல அளந்து பாத்திருக்காங்க, டாக்டருங்க சராசரியா 18 செகண்ட்ல குறுக்க பேசிடுறாங்க. 2002ல சுவிட்சர்லாந்துல பேஷண்ட்ட அவங்க போக்குல பேச விட்டுப் பாத்தாங்க, சராசரி 92 செகண்ட், நூத்துக்கு 78 பேர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள அவங்களாவே நிறுத்திட்டாங்க. அந்த ஒண்ணரை நிமிஷத்த மிச்சம் பண்றோம்னு நெனச்சு தேவையில்லாத டெஸ்டுக்கு அனுப்புனா அந்த அம்மாவுக்கு ஒரு நாள் ஏவாரம் போச்சு.

இன்னொண்ணு, இத நான் கொஞ்சம் கோவமாவே சொன்னேன். நீ, நீங்க. இங்கிலீஷ்ல எழுதுன பாடத்துல இது வராது, ஏன்னா அங்க எல்லாருக்கும் ஒரே யூ தான். கார்ல வந்து இறங்குறவருக்கு "சொல்லுங்க சார்", கசங்குன சேலையோட வர்ற அம்மாவுக்கு "என்னம்மா பண்ணுது உனக்கு", 20 வயசு பையன் சொல்றான்! 50 வயசுக்காரங்கள பாட்டின்னு கூப்பிடுறதும் அப்படித்தான், அம்மான்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்? நீன்னு ஆரம்பிச்சுட்டா அவங்க எதிர்த்து ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, "புரிஞ்சுதா"ன்னா "புரிஞ்சுது டாக்டர்"னு தலையாட்டிட்டு போயிடுவாங்க. வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வாங்கன்னு சொன்னா காபி குடிச்சிட்டு வர்றாங்க இல்ல, அது அவங்க தப்பு கிடையாது, நம்ம வீட்டுல காபி எப்பவுமே சாப்பாட்டு கணக்குல வந்ததில்ல. அதனால புரிஞ்சுதான்னு கேக்காதீங்க, "வீட்டுக்குப் போய் உங்க பொண்ணுகிட்ட இத எப்படி சொல்லுவீங்க"ன்னு கேளுங்க, எங்க விட்டுப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

எனக்கு இதுல ஏன் இவ்ளோ பிடிவாதம்னா, ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், ஒரு பெரியவருக்கு பெரிய ஸ்ட்ரோக். அவர் மகன்கிட்ட வராண்டாவுல நின்னுகிட்டே, கையில இன்னொரு கேஸ் ஷீட்டோட, "மேசிவ் இன்ஃபார்க்ட், ப்ரோக்னோசிஸ் புவர்"னு, அதாவது மூளைல பெரிய பகுதிக்கு ரத்தம் போகல, பிழைக்கிறது கஷ்டம்ங்கறத, தமிழும் இங்கிலீஷுமா சொல்லிட்டு கையெழுத்து வாங்கிட்டேன். எல்லாத்துக்கும் "சரிங்க டாக்டர்"னாரு. அரை மணி கழிச்சு வந்து கேக்குறாரு, "ஞாயித்துக்கிழமை தங்கச்சி பாப்பாவுக்கு காதுகுத்து, அதுக்குள்ள அப்பாவ கூட்டிட்டு போயிடலாம்ல டாக்டர்?" பெரியவர் மறுநாள் சாயங்காலம் போயிட்டாரு. அந்த ஒரு நாள் அவங்க வீட்டுல யாரும் வந்து பாக்கல, ஏன்னா வரணும்னு நான் அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லவே இல்ல.

கெட்ட செய்தி சொல்றதுக்கு ஸ்பைக்ஸ்னு ஆறு படி இருக்கு, 2000ல புற்றுநோய் டாக்டருங்க எழுதுனது. முதல் படியே தனியா ஒரு இடத்துல உக்காந்து பேசுறது, ரெண்டாவது அவங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்னு கேக்குறது. நான் அந்த ரெண்டையுமே செய்யல.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளாஸ் அதுதான். அக்காவ மகளா நடிக்க சொல்லியிருக்கேன். இன்னைக்கு முடிஞ்சு போகும்போது அக்கா அந்தப் பையன்கிட்ட, "தம்பி, ரெண்டாவது வாட்டிதான் நீ என் மூஞ்சியப் பாத்த"ன்னாங்க, அவன் நோட்டுல அத எழுதிக்கிட்டான். அட்டெண்டர் அண்ணன்கிட்ட ரூம்ல ரெண்டு நாற்காலி எதிரெதிரா போட சொல்லியிருக்கேன், நின்னுகிட்டு யாரும் பேசக்கூடாது.