ஒன்பது மணிக்கு முன்னால் ஓர் ஊர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கோவை நிறுவனத்தில் 22 வருடம் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களைப் பார்க்க ஊர் ஊராகப் போய்வருவதுதான் என் வேலை. போனால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ரயிலடி, விடுதி, மில், மறுபடியும் ரயிலடி. காரில் ஏறினால் கண்ணாடி மூடியிருக்கும், கையில் விலைப்பட்டியல் இருக்கும். நாலைந்து வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் என் மகள், "அம்மா, அகமதாபாத் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். ஆறு தடவை போய்வந்த ஊர். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த பயணத்தில் ஒரு முடிவு எடுத்தேன். காலையில் ஒன்பது மணி வரை உள்ள நேரம் என்னுடையது. மில் அலுவலகத்தில் பேச்சு தொடங்கப் பத்தரை ஆகிவிடும். அதற்கு முன் நடப்பது, நடந்து மட்டுமே போவது. ஆட்டோ கூடாது. மார்கழி மாதம் அது. அங்கே நம் கோவையைவிட அரை மணி நேரம் தாமதமாகத்தான் விடியும். ஏழு மணிக்கு மேல்தான் வெயில் வரும். சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

பழைய ஊர் சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 1411-இல் சுல்தான் அகமது ஷா உண்டாக்கிய ஊர். 2017-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயரை முதலில் வாங்கிய நகரம் அதுதான். அங்கே தெரு என்று நாம் சொல்வதற்குப் 'போள்' என்று பெயர். ஆனால் நம் தெரு மாதிரி இருக்காது. நுழைவாயிலில் ஒரு பெரிய கதவு. உள்ளே போனால் வளைந்து வளைந்து போகும் சந்து. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும், சில இடங்களில் அவ்வளவு குறுகல். இருபுறமும் மரவேலை செய்த வீடுகள், மேல்மாடி சந்தின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் சித்திரை வெயிலிலும் கீழே நிழல்தான். இந்தச் சந்துக்குள் கார் வராது. நடந்தால்தான் உண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் 'ஓட்லா' என்று ஒரு மேடை. நம்மூர்த் திண்ணையேதான்! நம்மூரில் திண்ணையை இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் விட்டுவிட்டோம். அங்கே இன்னமும் அதில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள், பேப்பர் படிக்கிறார்கள். லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்தது. வீடு போய்விட்டது. முகப்பை மட்டும் மறுபடி கட்டி, ஓட்லாவில் அவரையே வெண்கலச் சிலையாக உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இடம் இருக்கிறது, போய் உட்காரலாம். நான் உட்கார்ந்தேன்.

இப்போது அந்த முதல் காலையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்துக்குள் போனேன். நடுவில் சிறு சதுக்கம். அதில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் செதுக்குவேலை செய்த சின்ன மாடம். 'சபூத்ரோ' என்பார்கள், பறவைகளுக்குத் தானியம் போட என்றே கட்டியது. புறா, கிளி, அணில் எல்லாம் மொய்த்துக்கொண்டிருந்தன. கீழே உமி கொட்டிக்கொண்டே இருந்தது, என் சால்வையிலும் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தவள் அப்படியே போய் ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் வழி இல்லை. முட்டுச்சந்து.

ஓட்லாவில் ஒரு பாட்டி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் வயதான பெண்மணியை 'பா' என்று அழைப்பார்கள். கஸ்தூரிபாவின் பெயரில் உள்ள 'பா' அதுதான். முன்பின் தெரியாத பெண்ணாக இருந்தாலும் 'பென்', அதாவது சகோதரி. என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்கே போகணும் பென்?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ஜும்மா மசூதிக்கு என்றேன். முறத்தைக் கீழே வைத்தார். "ஆவோ, ஆவோ" என்று தன் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனார்! நான் தயங்கினேன், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கூடம் தாண்டி நடுமுற்றம். முற்றத்துத் தரையில் ஒரு மூடி. "பாணி?" என்று கேட்டார். இந்தியில் 'பானி', குஜராத்தியில் நம்முடைய 'ண' போட்டுப் 'பாணி'. அந்த மூடிக்குக் கீழே 'டாங்கா', நிலத்தடித் தொட்டி. கூரை மழைநீர் குழாய் வழியாக அதில் இறங்கும். வெளிச்சம் படாததால் வருடம் முழுக்கக் கெடாது என்றார். ஒரு செம்பில் மொண்டு கொடுத்தார். சில்லென்று, உப்பே இல்லாத தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோமே, அது பல தலைமுறையாக அந்த முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு அடுப்படியைத் தாண்டி ஒரு தாழ்ந்த கதவைத் திறந்தார். வெளியே வேறொரு போள்! ஒரு போளிலிருந்து இன்னொன்றுக்குப் போக இப்படி மறைவான வழிகள் உண்டு. கலவரம், தீ என்றால் தப்பித்துப் போக வைத்த வழிகள் என்று சொன்னார். அந்தக் கதவைப் பற்றி எந்த வரைபடமும் எனக்குச் சொல்லியிருக்காது. காரில் போயிருந்தால் அந்தப் பாட்டியையே பார்த்திருக்க மாட்டேன்.

பத்து நிமிடத்தில் ஜும்மா மசூதி. 1424-இல் கட்டியது. 260 தூண்கள், பதினைந்து குவிமாடம். மினார் இரண்டும் 1819 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன. அந்தப் பெரிய முற்றத்தில் அந்த நேரத்துக்கு ஏழெட்டுப் பேர்தான். குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்பது மணிக்கு விடுதியில் இருந்தேன். பத்தரைக்கு மில்லில் இருந்தேன். அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து, ஊர் எப்படி இருக்கும் என்று சொன்னேன்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் காலை அப்படித்தான். நேயர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பத்து இடம் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு பகுதி போதும். அதற்கே மறுநாளும் போங்கள், அடுத்த பயணத்திலும் அதற்கே போங்கள். இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டுகொள்வார். தனியாகப் போகிற பெண்கள் தயங்குவது எனக்குத் தெரியும். நானும் தயங்கினேன். பால் வாங்கவும் கோயிலுக்கும் பெண்கள் கிளம்பும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள், சந்து முழுக்கத் துணை இருக்கும். முதல் தடவை வழிகாட்டியோடு போக விரும்பினால், அங்கே மாநகராட்சி 1997-இலிருந்து தினமும் காலையில் நடை நடத்துகிறது. காளுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும்.

மில்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். அகமதாபாத்தின் முதல் மில் 1861, கோவையில் 1888, இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுகிற அந்த நூலைப் பற்றி. நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மாணெக் சௌக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். மசூதிக்குப் பின்னால் நடந்தால் வரும். பகலில் நகைக்கடை வீதி, இரவில் அதே இடம் சாப்பாட்டுக் கடைகள். காலையில் நகைக்கடைகள் திறக்கும் முன்னால் போங்கள். சில பேர் குனிந்து கடைவாசல் தூசியைச் சின்னத் துடைப்பத்தால் பெருக்கி, ஒரு பொட்டு விடாமல் அள்ளிக்கொண்டிருப்பார்கள். பட்டறையிலிருந்து உதிர்ந்த பொன்துகள் அதில் இருக்கும், கழுவி எடுப்பார்கள். அவர்கள் பெருக்கி முடிக்கும் வரை ஓரமாக நில்லுங்கள், மிதித்துவிடாதீர்கள்.

வணக்கம்.