கிழக்கே கடல்

வணக்கம் நேயர்களே. முப்பது வருடமாக நில அளவையாளனாக, சங்கிலியும் எல்லைக்கல்லுமாக இலங்கையின் வடக்கே வன்னியில் அலைந்தவன் நான். செத்த வீட்டுக்குப் போனாலும் என்னைக் கண்டதும் ஒரே கேள்விதான்: "ஐயா, கடற்கரைப் பக்கம் ஏக்கர் என்ன விலை போகிறது?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?"

உறுதிக் காணி என்றால், சொந்தக்காரர் யார் என்று காட்டும் பத்திரம், அதாவது உறுதி, உள்ள காணி. பெர்மிட் காணி என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. குடியிருக்கலாம், தென்னை வைக்கலாம். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் அளக்க வருகிறார்கள். எதை அளப்பது? அதன்மேல், போருக்குப் பின் இந்திய அரசு 550,000 ரூபா உதவி கொடுத்துக் கட்டுவித்த வீடு நின்றாலும் கதை அதேதான். மண்ணுக்கு முதல் கடதாசி.

சரி, உறுதி இருந்தால் போதுமா? முல்லைத்தீவுக் கடற்கரையில், அளம்பில் பக்கம் ஒரு காணி. தகப்பனின் உறுதியுடன் கனடாவிலிருந்து மகன் வந்திருந்தார். இரண்டு ஏக்கர். வடக்கே வாய்க்கால், மேற்கே ஒழுங்கை, தெற்கே தென்னை வரிசை, கிழக்கே கடல். தென்னை வரிசை சண்டையோடு போய்விட்டது. அடிக்கட்டைகளைக் கிண்டிப் பார்த்துத் தெற்கெல்லையைப் பிடித்தோம். கடலை எப்படிப் பிடிப்பது? பக்கத்துக் காணி ஆச்சி தடியை நீட்டிக் காட்டினார்: "தம்பி, அந்த அலை உடைகிற இடத்தில்தான் எங்கள் தாழம்பற்றை நின்றது. அதற்கும் அங்கால் மீன்பிடிக்காரரின் வாடி." அளந்தால் ஒன்றே முக்கால் ஏக்கர்தான். கால் ஏக்கர், அதாவது நாலு பரப்பு, தண்ணீருக்குள். மகன் விடவில்லை. "உறுதியில் இரண்டு என்றுதானே இருக்கிறது?" வாங்க வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "மீனுக்கு விற்கிறீர்களா, எனக்கா?" அதோடு பேச்சு முறிந்தது. ஆறு மாதம் கழித்து, கையில் இருந்த நிலத்துக்கு மட்டும் விலை பேசி முடித்தார்கள்.

ஆகவே, விலை சொல்வதற்கு முன் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்து பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், நடந்து பாருங்கள். வாங்குகிறவரும் நடக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் ஆவணியில் குடித்துப் பாருங்கள்; மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான்! விற்கிறவர் மார்கழியிலேதான் காட்டுவார், நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று, சட்டக் கட்டுப்பாடுள்ள கரையோர வலயம், கடல் பெருகி நிற்கும் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் உள்ளே வரும். அதற்குள் விடுதி கட்டலாம் என்ற ஆசையில் வாங்குகிறவர், கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முதலில் கேட்கட்டும்.

நேரம் முடிகிறது என்று வானொலி நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார். வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: காணியில் உங்களோடு பங்குள்ள சகோதரங்களுக்கு வெளியாளை முந்தி வாங்கும் உரிமை இருக்கிறது. பாரிஸில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும் அவர்களுக்கு முறைப்படி அறிவித்த பிறகே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போங்கள். உங்களுக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் அனுப்புகிறவர்கள் அதில் எந்தக் காணி, எத்தனை பரப்பு என்று தெளிவாக எழுதுங்கள். முத்திரை வரிக் கணக்கு... அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.