147 நாள் தபால் இல்லை

(வேலூரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தம் வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட அதிகாரிகளே, எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கத்தையே நிமிர்ந்து உட்கார வைத்த தமிழாசிரியை அம்மா அவர்களே, சக்கர நாற்காலியில் வந்தாலும் பதக்கங்களை வரிசை தப்பாமல் குத்திக்கொண்டு வந்திருக்கும் சுபேதார் ஐயா அவர்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் மேலாக, பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய இந்தச் சால்வையை, உங்கள் அனுமதியோடு, சுபேதார் ஐயா மடியில் வைக்கிறேன். அவருக்குத்தான் அது சேர வேண்டும்.

இன்றைக்கு மூன்று விஷயம் சொல்ல வந்தேன். முதலாவது, முதல் உலகப் போரில் நடந்த குத் முற்றுகையில் சிக்கியவர்களின் கடிதங்கள். இரண்டாவது, அந்தப் போரில் கடிதங்களைத் தணிக்கை செய்த கதை. மூன்றாவது, அந்தப் போருக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள்.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று ஒரு பழமொழி இருக்கிறது. நம் வீடுகளில் தினம் ஒரு தடவையாவது யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தப் பழமொழியின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியோடு எனக்கு நாற்பது வருஷமாகச் சண்டை.

குத் அல் அமாரா இராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும். 1915-இல் ஆங்கிலேயரின் ஆறாவது பூனா டிவிஷன், அப்போது துருக்கியர் கையில் இருந்த பாக்தாத்தைப் பிடிக்கக் கிளம்பியது. தளபதி பெயர் டவுன்ஷெண்ட். படையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள்: மராட்டியர், பஞ்சாபியர், ராஜபுத்திரர், கூர்க்காக்கள். நவம்பரில் டெசிஃபோனில் துருக்கியரோடு பெரிய சண்டை. நாலாயிரத்துக்கும் மேல் ஆள் சேதம். பின்வாங்கி டிசம்பர் 3-ஆம் தேதி குத்துக்குள் வந்து விழுந்தார்கள். 7-ஆம் தேதி துருக்கியர் வளைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 29 வரைக்கும் அந்த வளையம் அவிழவில்லை. மொத்தம் 147 நாள் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு.

பத்தாயிரம் சிப்பாய், அவர்களோடு சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், டோலி தூக்குபவர் என்று மூவாயிரத்துக்கும் மேலே. ஊர்க்காரர்கள் ஓர் ஆறாயிரம் பேர். எல்லோருக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டும். மீட்க வந்த படை ஜனவரியில் முட்டியது, மார்ச்சில் முட்டியது, ஏப்ரலில் முட்டியது. மீட்க வந்தவர்களிலேயே இருபத்து மூவாயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் போனார்கள்.

உள்ளே குதிரையை அறுத்தார்கள். நம் சிப்பாய்கள் தொடவில்லை. இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியைக் கம்பியில்லாத் தந்தியில் வரவழைத்துப் படித்துக் காட்டினார்கள். அப்படியும் பெரும்பாலானவர்கள் ஏப்ரல் வரைக்கும் தொடவில்லை. ஏன்? ஊர் என்ன சொல்லும், சாதிசனம் என்ன சொல்லும், திரும்பிப் போனால் வீட்டுத் திண்ணையில் உட்கார விடுவார்களா என்ற பயம். கடல் தாண்டி, பாலைவனத்தில், குண்டு விழுகிற பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, பசியில் ஈறு வீங்கி இரத்தம் வருகிறபோதும் அவன் கண் முன்னால் நின்றது அவன் ஊர்த் திண்ணை. இதைப் பிள்ளை மனம் கல்லு என்று சொல்வீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கல்லூரிப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் குதிரைக் கறி கிடைத்தது, ஆனால் தீட்டிய வெள்ளை மாவு தின்றதால் பெரிபெரி நோய் வந்தது. நம் ஆட்களுக்குத் தவிட்டோடு இருந்த பார்லியும் ஆட்டாவும் கிடைத்ததால் பெரிபெரி அதிகம் வரவில்லை, கறியும் காயும் இல்லாததால் ஈறு வீங்கி இரத்தம் வருகிற ஸ்கர்வி நோய் வந்தது. ஒரே முற்றுகை, ஒரே பட்டினி, தட்டில் விழுந்ததைப் பொறுத்து வேறு வேறு நோய்.

ஏப்ரல் கடைசி இரண்டு வாரம் ஆகாய விமானத்திலிருந்து மூட்டை போட்டார்கள். பட்டினி கிடந்த படைக்கு வானத்திலிருந்து உணவு போட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்பார்கள். மாவு போட்டார்கள். தானியத்தை அரைக்க வழியில்லை என்றதும் திரிகைக் கல்லையும் விமானத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அம்மாமார்களே, கையால் சுற்றுகிற திரிகை! அது வானத்திலிருந்து விழுவதை நினைத்துப் பாருங்கள். 24-ஆம் தேதி இரவு ஜுல்னார் என்ற கப்பலில் 270 டன் சாமான் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் துருக்கியர் பிடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் சரணாகதி. பதின்மூவாயிரம் பேர் கைதி.

இனி கடிதம். அந்தப் படையில் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார், கேப்டன் கல்யாண் முகர்ஜி. கல்கத்தாவில் அம்மா. சண்டைக்கு நடுவே, காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, வங்காளியில் அம்மாவுக்கு எழுதுவார். 1915 அக்டோபரில், அதாவது முற்றுகைக்கு முன்னால், அவர் எழுதிய ஒரு கடிதத்தின் சாரத்தை மட்டும் சொல்கிறேன். இந்த இரத்தத்துக்கெல்லாம் காரணம் நாட்டுப்பற்று என்கிறார். ஆங்கிலேயன் நமக்குக் கற்றுக்கொடுத்த அந்த நாட்டுப்பற்றுக்கு, அடுத்தவன் நாட்டைப் பறிப்பது என்றுதான் அர்த்தம் என்கிறார். இதை எழுதியவர் உடம்பில் இருந்தது ஆங்கிலேயன் கொடுத்த உடுப்பு. இதைக் கூட்டத்தில் பேசியிருந்தால் சிறை. பத்திரிகையில் எழுத முடியாது. அம்மாவுக்கு எழுதினார். வேறு யாரிடம் சொல்வார்?

டிசம்பரில் தபால் நின்றது. ஆற்றில் படகு போகாது, ஆள் போக முடியாது. கம்பியில்லாத் தந்தி இருந்தது, அது தளபதி பேசுவதற்கு. கல்கத்தா வீட்டில் எத்தனை மாலை தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலைப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

எனக்கும் தெரியும். அதை நான் தெரிந்துகொண்ட இடம் கண்ணமங்கலம் பக்கம், எங்கள் ஊர். 1971. எனக்குப் பதினொரு வயது. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் பட்டாளத்தில் இருந்தார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் கடிதம் படிக்கிற உத்தியோகம் என்னுடையது. இன்லண்ட் லெட்டர் வந்ததும் ஓரத்தைக் கிழிக்காமல், கத்தரிக்கோலால் வெட்டி, திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். "நலம், நலமறிய ஆவல்" என்றதுமே பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். படித்து முடித்ததும் உத்தரத்திலிருந்து தொங்குகிற கொக்கிக் கம்பியில் அதைக் குத்தி வைப்போம். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும் அந்தக் கம்பி. அடியில் ஒரு கட்டை, மேலே வளைத்த கொக்கி. ரேஷன் ரசீதும் அதிலே, கல்யாணப் பத்திரிகையும் அதிலே, பட்டாளத்துக் கடிதமும் அதிலே.

டிசம்பரில் சண்டை மூண்டது. கடிதம் நின்றது. பத்து நாள், இருபது நாள், முப்பது நாள். ரேடியோவில் சண்டை முடிந்தது என்று சொன்ன பிறகும் கடிதம் இல்லை. ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, கம்பியிலிருந்து பழைய கடிதம் ஒன்றை உருவி, "இதப் படிடா" என்றது. படித்தேன். மறுநாள் இன்னொன்று. பிறகு தினமும் விளக்கு வைத்ததும் ஒரு பழைய கடிதம். அந்தப் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நடுவிலே நானாக ஒரு வரி சேர்த்துப் படித்தேன். "அம்மா, நீ கவலைப்படாதே, நான் பத்திரமாக இருக்கிறேன், பொங்கலுக்கு வந்துவிடுவேன்." பெரியம்மா கையை நீட்டி நிறுத்தியது. "டேய், அது அவன் எழுதுனது இல்ல. நீயா சேத்துப் படிக்கிற. அவன் அந்த எடத்துல கெணத்து மேட்டுச் சொவரு கட்டியாச்சான்னு கேட்டிருப்பான். அதப் படி."

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. "கிணற்று மேட்டுச் சுவர் கட்டியாச்சா, மழைக்கு முன்னால் கட்டச் சொல்." ஓர் எழுத்துத் தெரியாத அந்த அம்மாவுக்கு அத்தனை கடிதமும் மனப்பாடம். எந்த வரிக்குப் பின்னால் எந்த வரி என்பது கூட.

நாற்பத்தி மூன்றாம் நாள் கடிதம் வந்தது. தபால்காரர் சைக்கிளைத் தெருமுனையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கும் தெரியும் அல்லவா. அண்ணன் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. பசு கன்று போட்டதா, கிடாரியா காளையா என்று கேட்டிருந்தார். பெரியம்மா அழுதது, சிரித்தது, "கிடாரின்னு எழுதுடா" என்றது. பெத்த மனம் பித்து, சரி. பிள்ளை மனம் கல்லா? குண்டுச் சத்தத்துக்கு நடுவே கன்றுக்குட்டியை நினைத்துக்கொண்டிருந்த மனம் அது.

அந்தக் கம்பி இப்போது இல்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டினார்கள். அப்போது எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குக் கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், காகிதம் என்று நினைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் ஓரம் ஒரே ஒரு கடிதம் கிடந்தது. இதோ, பாருங்கள். நடுவில் ஓட்டை தெரிகிறதா? கம்பி போன ஓட்டை.

இதனால்தான் அந்தக் கல்கத்தா வீட்டுக் கதைக்கு மறுபடி போகிறேன். கல்யாண் முகர்ஜி குத்தில் கைதாகி, ராஸ் அல் ஐன் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1917 மார்ச்சில் காய்ச்சலில் இறந்தார். அதே மாதம்தான் ஆங்கிலேயர் பாக்தாத்தைப் பிடித்தார்கள். அவருக்கு ஒரு பாட்டி இருந்தார், மோக்ஷதா தேவி. பேரன் எழுதிய கடிதங்களைச் சேர்த்து, அவன் வாழ்க்கையையும் எழுதி, 1928-இல் "கல்யாண் பிரதீப்" என்று புத்தகமாகப் போட்டார். அப்போது அந்தப் பாட்டிக்கு வயது 80. பேரனின் கடிதங்கள் நமக்குக் கிடைத்தது அந்த ஒரு கிழவியால். அதே முற்றுகையில் இருந்த சிசிர் சர்பாதிகாரி என்ற ஆம்புலன்ஸ் தொண்டர், தன் குறிப்பேட்டைக் கிழித்துப் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டு கைதியாக நடந்தார். பிழைத்து வந்தார். அவர் குறிப்புகள் 1957-இல் அச்சில் வந்தன. காகிதத்தின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

தணிக்கை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நேரம் பார்த்துத் தலைவர் கைக்கடிகாரத்தைத் தொடுகிறார், சுருக்கிவிடுகிறேன். பிரான்ஸில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை ஓர் அலுவலகம் பிரித்துப் படித்து, முக்கியமானதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையாக்கியது. சிப்பாய்களும் விவரமானவர்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாய் செலவாகிறது என்று எழுதினார்கள். கறுப்பு என்றால் நாம், சிவப்பு என்றால் வெள்ளைக்காரன். அந்த அறிக்கைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இல்லை. நம் பாட்டன்மார் சொன்னதை இன்னொருவன் மொழியில்தான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதைச் சொல்லும்போதே நெஞ்சு அடைக்கிறது.

மூன்றாவது, நம் ஊர். நம் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லை எத்தனை பேர் நின்று படித்திருக்கிறீர்கள்? இங்கிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. காய்கறி வாங்கப் போகிற வழியில் இருக்கிறது. பாலம் கட்டுகிற, பாதை போடுகிற பட்டாளமான மெட்ராஸ் சாப்பர்ஸின் கம்பெனிகள் டைகிரிஸ் கரைக்குப் போயின. 1917 பிப்ரவரியில், குத்துக்கு மேலே ஷும்ரான் வளைவில் படை ஆற்றைக் கடந்தபோது அவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த 277 பேரும் வீட்டுக்கு எழுதியிருப்பார்கள். எழுதத் தெரியாதவர் எழுதச் சொல்லி அனுப்பியிருப்பார். அந்தக் கடிதங்கள் எங்கே? கல்லில் எண்ணிக்கை இருக்கிறது. அவன் அம்மாவிடம் என்ன கேட்டான் என்பது இல்லை.

அதிகாரிகள் முன்வரிசையில் இருப்பதால் நேரடியாகக் கேட்கிறேன். மாவட்ட நூலகத்தில் ஓர் அறை வேண்டும், பெரிய அறை கூட வேண்டாம். படைவீரர் கடிதங்களுக்கு மட்டும். 1914-இலிருந்து கார்கில் வரைக்கும், நேற்றைய கடிதம் வரைக்கும். கடிதத்தை வாங்கிவைக்க வேண்டாம், அது குடும்பத்தின் சொத்து. ஸ்கேன் செய்து, பிரதி வைத்துக்கொண்டு, அப்போதே கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார், எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் என்று ஒரு பதிவேடு. மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்காவது மனு என் பையில் இருக்கிறது. இறங்கும்போது கொடுத்துவிட்டுத்தான் போவேன், ஐயா.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்று. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, பரண் ஒழிக்கும்போது, பெட்டி அடியில் மடித்த நீல இன்லண்ட் தட்டுப்பட்டால் நிறுத்துங்கள். பழைய பேப்பர்காரரை நாளைக்கு வரச் சொல்லுங்கள். இப்போது வாட்ஸப் என்கிறீர்கள். பையன் பேசி அனுப்பிய குரல் செய்தியைப் போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லி வேறு இடத்தில் ஏற்றி வையுங்கள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று இனி யாராவது உங்கள் முன்னால் சொன்னால், அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

அறை எப்போது கிடைக்குமோ, அதற்குக் காத்திருக்கப் போவதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஸ்கேன் மிஷினோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இரவு எட்டு மணி வரைக்கும் இருப்பார்கள். கடிதம் கொண்டுவந்தவர்கள் வரிசையில் போகலாம். சுபேதார் ஐயா ஒரு கட்டுக் கொண்டுவந்திருக்கிறார், அவரை முதலில் விடுங்கள். அவருக்கு அடுத்து நான், இந்த ஓட்டை விழுந்த கடிதத்தோடு.