கார்டு கடன் எத்தனை ரூபா வட்டி? ஸ்கோர் விழுந்த பிறகும் அதை நான் குறைச்ச விதம்

வணக்கம்ங்க. போன வீடியோவுக்குக் கீழ ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. "அக்கா, என் சிபில் 600-க்குக் கீழ போயிருச்சு, எந்த பேங்க்லயும் லோன் தர மாட்டேங்கறாங்க, கார்டு வட்டி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு, என்ன பண்றது"ன்னு. அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கலைங்க. நானும் அதே இடத்துல நின்னவதான். சிபில்ங்கறது நாம கடனை ஒழுங்காக் கட்டறோமான்னு பேங்குக்குக் காட்டற மார்க்குங்க, அதைத்தான் ஸ்கோர்ம்போம்.

எங்க வீட்டுக்காரர் இங்க திருப்பூர்ல பவர்டேபிள் டெய்லர். வண்டியில விழுந்து கை உடைஞ்சு ரெண்டு மாசம் வேலைக்குப் போக முடியல. ஆஸ்பத்திரி செலவு, வீட்டு வாடகை, பாப்பா ஃபீஸ் எல்லாத்துக்கும் கார்டைத்தான் தேச்சேன். ரெண்டு கார்டு. சின்னதுல 45,000, பெருசுல 80,000 சொச்சம். ரெண்டு தவணை கட்ட முடியாமப் போச்சு, ஸ்கோர் 611-க்கு வந்துருச்சு.

அப்ப எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணுதாங்க. நம்ம ஊர்ல வட்டியை எப்படிப் பேசுவோம்? நூத்துக்கு மாசம் எத்தனை ரூபான்னு. ஒரு ரூபா வட்டின்னா பரவால்ல, ரெண்டு ரூபான்னா யோசிப்போம், மூணு ரூபா வட்டின்னா "வேண்டாம்ப்பா, குடும்பம் தாங்காது"ம்போம். கார்டு பில்லுல மாசம் 3.5 சதவீதம்னு போட்டிருந்தது. அது வேற ஒண்ணுமில்ல, மூணரை ரூபா வட்டி. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரெண்டும் சேர்ந்தா 4 ரூபா 13 பைசா. நாலு ரூபாய்க்கு மேல வட்டி கட்டிக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் நாலு ரூபாய்க்குப் பணம் தர்றேன்னா வாசப்படி மிதிச்சிருப்பேனா?

இப்ப மினிமம் டியூ, அதாவது மாசம் குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகையைப் பாருங்க. 80,000 பாக்கிக்கு 5 சதவீதம், 4,000 ரூபா. கட்டிட்டேன்னு நிம்மதியா இருப்போம். மீதி 76,000-க்கு அடுத்த மாசம் வட்டி 2,660, ஜிஎஸ்டி 479. பாக்கி திரும்ப 79,139-க்கு வந்து நிக்கும். 4,000 கட்டுனதுல கடன் குறைஞ்சது 861 ரூபாங்க! இப்படியே மினிமம் மட்டும் கட்டிக்கிட்டுப் போனா, புதுசா ஒரு ரூபா கூட தேய்க்காம இருந்தாலும், அந்த 80,000 பாதியாகவே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். நான் நோட்டுல எழுதிப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கல.

இன்னொண்ணு. பாக்கி இருக்கற வரைக்கும் அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லாத காலம்னு சொல்றாங்களே, அது கிடையாது. இன்னைக்கு அரிசி மூட்டை வாங்கித் தேச்சா இன்னைல இருந்தே வட்டி. அதனால முதல் வேலையா ரெண்டு கார்டையும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ஆன்லைன்ல சேவ் பண்ணி வெச்சிருந்ததையும் எடுத்துட்டேன். ஏடிஎம்-ல கார்டு போட்டுப் பணம் எடுக்கறது இதைவிட மோசம், அதுக்குத் தனியா ஃபீஸ் வேற.

சரி, ஸ்கோர் இல்லாதவங்க எங்க போறது? பர்சனல் லோனுக்கு நாலு இடத்துல அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு அப்ளிகேஷனும் நம்ம சிபில் ரிப்போர்ட்ல பதிவாகும், ஸ்கோர் இன்னும் இறங்கும். நான் மூணு இடத்துல கேட்டு மூணுலயும் இல்லைன்னு வந்த பிறகுதான் இது தெரிஞ்சது. ஸ்கோரைப் பெருசா எடுத்துக்காத இடமாத் தேடணும்.

நம்ம வீட்டுல இருக்கறது நகை. சொல்லவே தயக்கமாத்தான் இருக்கு. அம்மா போட்டு அனுப்புன வளையல், எடுக்கறப்ப கை நடுங்குச்சு. "கடனுக்குக் கடன் வாங்கறியா"ன்னு அம்மா போன்ல சத்தம் போட்டாங்க. நான் கணக்கைச் சொன்னேன். பேங்க் நகைக்கடன் வருஷத்துக்கு 10 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, மாசக் கணக்குல 83 பைசா வட்டி. அந்த 45,000-க்குக் கார்டுல மாசம் 1,858 ரூபா போய்க்கிட்டு இருந்தது. நகைக்கடன்ல 375 ரூபா. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "வளையல் பீரோவுல தூங்கறதுக்கு அங்க தூங்கட்டும்"னாங்க.

பேங்க்ல நகைக்கடனுக்கு ஸ்கோர் பார்த்தாலும் பெரும்பாலும் அது தடையா இருக்காது. தங்கம்தானே ஜாமீன். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, பேங்க் இல்லைன்னா கூட்டுறவு சங்கத்துல வைங்க, ரெண்டு ரூபா, மூணு ரூபா வட்டிக்கு அடகு வெச்சா கார்டுல இருந்து தப்பிச்சு அங்க மாட்டிக்குவீங்க. இன்னொண்ணு, நகைக்கடன் கெடு முடியற தேதியைக் காலண்டர்ல சிவப்புல எழுதி வைங்க. விட்டா நகை ஏலத்துக்குப் போயிரும். முடியறப்பல்லாம் அசல்ல ஆயிரம், ரெண்டாயிரம் கட்டலாமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

நான் 55,000 வாங்கி, சின்ன கார்டை மொத்தமா அடைச்சு, மூடிட்டேன். மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தா 7 வேலை நாளுக்குள்ள மூடணும், இல்லைன்னா நாளுக்கு 500 ரூபா உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்க் 2022-ல போட்ட விதி இருக்கு. பாக்கி மட்டும் இருக்கக் கூடாது. மீதி 10,000-ல பெரிய கார்டோட நின்னு போன தவணையைக் கட்டினேன். அது ஏன்னா, ஓவர்டியூ, அதாவது கெடு தாண்டுன பாக்கி இருக்கறப்ப போன் பண்ணினா நம்ம பேச்சை யாரும் காதுல வாங்கறதில்ல. அதைச் சரி பண்ணிட்டு, "மொத்த பாக்கியையும் இஎம்ஐ-யா மாத்திக் கொடுங்க"ன்னு கேட்டேன். முதல் தடவை கஸ்டமர் கேர்ல "ஆஃபர் வரல மேடம்"னு வெச்சுட்டாங்க. நான் விடல. வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் பேப்பரை இணைச்சு, மாசம் என்னால இவ்வளவுதான் முடியும்னு குறைதீர் பிரிவுக்கு மெயில் எழுதினேன். அதுக்கப்புறம் அவங்களே கூப்பிட்டாங்க.

80,000 ரூபா, வருஷத்துக்கு 18 சதவீதம், 24 மாசம். அதாவது ஒன்றரை ரூபா வட்டி. மாசத் தவணை 3,994. பாருங்க, மினிமம் டியூவுக்கு நான் கட்டிக்கிட்டு இருந்த அதே 4,000 தாங்க! முதல் மாசம் வட்டிக்கு ஜிஎஸ்டி 216 ரூபா சேரும், போகப் போக அதுவும் குறையும். பிராசஸிங் ஃபீஸ் ஒரு தடவை. அதே பணம், ஆனா ரெண்டு வருஷத்துல கடன் முடிஞ்சிரும். கேட்கணும்ங்க, கேட்டா மட்டும்தான் இது நடக்கும். ஃபீஸ் எவ்வளவு, முன்னாடியே முடிச்சா அபராதம் உண்டான்னும் கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க.

நகை இல்லாதவங்க எல்ஐசி பாலிசி இருக்கான்னு பாருங்க, சரண்டர் மதிப்பு, அதாவது பாதியில நிறுத்துனா திரும்பக் கிடைக்கற பணம் சேர்ந்த பாலிசி மேல கடன் தருவாங்க, ஸ்கோர் கேக்க மாட்டாங்க. ஃபிக்சட் டெபாசிட் இருந்தா, அதுல வர்ற வட்டியைவிட ஒண்ணு, ரெண்டு சதவீதம் அதிகத்துல அதும் மேலயே கடன் கிடைக்கும். மகளிர் குழுவுல இருக்கறவங்க உள்கடன், அதாவது குழுப் பணத்துல இருந்தே தர்ற கடன் கேளுங்க, எங்க குழுவுல ஒரு ரூபா வட்டிதான். ஆனா போன்ல ஆப் டவுன்லோடு பண்ணி அஞ்சு நிமிஷத்துல பணம்னு வருதே, கெஞ்சிக் கேட்டுக்கறேன், அதுல கை வைக்காதீங்க.

சில பேரு கோர்ட்ல கார்டு வட்டிக்கு உச்சவரம்பு வெச்சிருக்காங்களாமேன்னு கேக்கறீங்க. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வாங்கறது தப்புன்னு சொன்னது உண்மை. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிருச்சு. அதை நம்பிக் காத்திருக்காதீங்க.

"பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்"னு எனக்கும் போன் வந்தது. ஆசையாத்தான் இருக்கும். ஆனா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும், முழுசாக் கட்டி மூடுனதா வராது. அடுத்த லோனுக்குப் போறப்ப அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. வேலையே போயி, வேற வழியே இல்லாதவங்களுக்கு அதுவும் ஒரு வழிதான், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா பேங்க்ல இருந்து கடிதம் கைக்கு வராம ஒரு ரூபா கட்டாதீங்க. வசூலுக்குக் கூப்பிடறவங்க காலைல 8 மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் 7 மணிக்கு மேலயோ கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது, சொந்தக்காரங்களுக்குப் போன் போட்டு அசிங்கப்படுத்தக் கூடாது. பேங்க்ல புகார் கொடுத்து 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன், அதாவது புகார் விசாரிக்கற அதிகாரிகிட்டப் போகலாம், காசு கிடையாது. 14448-க்குக் கூப்பிட்டா வழி சொல்வாங்க.

சிபில் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். என்னோடதுல எப்பவோ முடிச்ச ஒரு ஃபிரிட்ஜ் லோன் இன்னும் பாக்கின்னு இருந்தது. இது தப்புன்னு சிபில்லயே தகராறு பதிவு பண்ணினேன், சரியாச்சு. 30 நாள்ல தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபா இழப்பீடு தரணும்னு விதி இருக்கு.

கடைசியா ஒரு சின்ன வழக்கம். கார்டு வட்டி தினம் தினம் இருக்கற பாக்கிக்குத்தான் ஓடும். அதனால இஎம்ஐ-யா மாத்தறதுக்கு முன்னாடி, மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்காம, சனிக்கிழமை சம்பளம் வந்த உடனே ஆயிரம் ரூபா யூபிஐ-ல கார்டுக்குப் போட்டுருவோம். கையில இருந்தா சந்தையிலயே கரைஞ்சிரும்.

அந்தத் தங்கச்சிக்கு: உங்க பில்லுல மாச வட்டின்னு ஒரு எண் இருக்கும். அதையும் மொத்த பாக்கியையும் மட்டும் கமெண்ட்ல போடுங்க, கார்டு நம்பர் போட்டுராதீங்க. எத்தனை ரூபா வட்டின்னு கணக்குப் போட்டு நானே பதில் எழுதறேன். இன்னைக்கு சனிக்கிழமை, வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சு. வர்றேன்ங்க.