செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு முதல் ஆறு வரை
(தென்காசி வட்டாரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பீடி சுற்றினால்தான் அடுப்பு எரியும். அதனால் கூலிக் கணக்கிலேயே தொடங்குகிறேன். மூளை முடக்குவாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் அசைவு சீராக இல்லாத நிலை, உள்ள பிள்ளையைப் பயிற்சிக்காக டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தால், தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பஸ் டிக்கெட் தனி. வாரம் இரண்டு முறை என்றால் எத்தனை மாதம் தாங்குவாள்? அவள் நின்றுவிட்டால், அக்கறையில்லாதவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

நம் பக்கத்து ஆய்க்குடியைப் பாருங்கள். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர். 1981இல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அங்கே பெரிய கட்டடங்கள் உண்டு. ஆனால் பயிற்சி பெற்ற ஊழியர்களை அவர்கள் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இதைத்தான் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்கிறோம்.

வீட்டுக்கு வரும் ஊழியர் என்ன செய்வார்? கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும் பிள்ளையை, இரு கால்களையும் அகட்டி இடுப்பில் உட்கார வைத்துத் தூக்கச் சொல்வார். நம் பாட்டிமார் தூக்கிய அதே விதம்தான். அந்தப் பிள்ளைக்கு அதுவே ஒரு பயிற்சி. படுக்க வைத்தோ தலையை அண்ணாந்து பிடித்தோ சோறு ஊட்டினால் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை சற்றே முன்னால் சாய்ந்திருக்க ஊட்ட வேண்டும். தானாக உட்கார முடியாத பிள்ளைக்குச் சுவர் மூலையே முதுகைத் தாங்கும். கொல்லையில் இரண்டு மூங்கிலை இணையாகக் கட்டினால் நடைபழகும் கம்பி தயார்.

இத்தனையும் நல்லதுதான். ஆனால், இவை எல்லாவற்றையும் செய்வது யார்? அந்த ஒரே தாய். ஊழியர் வாரத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார். மீதி நேரமெல்லாம் மடியில் பீடித் தட்டு, இடுப்பில் பிள்ளை. பெயரில் சமுதாயம் இருக்கிறது, வேலையில் அம்மா மட்டும் இருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளையை ஒருத்தியே தூக்கிக் குளிப்பாட்டினால் அவள் முதுகு என்னவாகும்? கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் வருடக்கணக்கில் வாசற்படிக்குள்ளேயே இருக்கும் தாய்மார்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றுக்கொண்டது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு, அருகிலுள்ள பள்ளியிலேயே. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுத நாங்கள் உதவுகிறோம். ஆனால் அந்தத் தாய் ஒரு மணி நேரம் கண்ணயர எந்த மனுவும் உதவாது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் வேண்டும்.

உங்கள் குழுவில் கடன் தவணைக்கு நோட்டு வைத்திருக்கிறீர்கள். அதுபோல ஒரு நோட்டை இந்த மேசையில் வைத்திருக்கிறேன். யார், எந்த வீட்டுக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று நான்கு கட்டங்கள். பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்பதை வருகிறவர்களுக்கு ஊழியரே வந்து கற்றுத் தருவார். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்: செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு முதல் ஆறு வரை. பேனாவும் அங்கேயே இருக்கிறது.