நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்து பின்னால் உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 'நமக்கான வேலை எது என்று தெளிவது தனிமையில் யோசித்தா, பிறரோடு பேசியா?' எனக்கு முன்னால் எதிரணித் தலைவர் தனிமைக்காக வாதாடினார். பதினைந்து நிமிடம், தண்ணீர்கூடக் குடிக்காமல், இத்தனை பேர் முன்னால் பேசி, பேசுவதால் ஒரு பயனும் இல்லை என்று நிறுவினார். நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்களா தெரியவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

தலைவர் ஐயா வைத்த வாதங்கள் மூன்று. 'எண்ணித் துணிக கருமம்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். நியூட்டன் தனியாக உட்கார்ந்துதான் உலகத்தை மாற்றினார். நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகக் குழப்பிவிடுவார்கள். முதல் இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். மூன்றாவதில் சரக்கு இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுக்கிறேன்.

ஐயா சொன்னது 467ஆவது குறள். தெரிந்துசெயல்வகை அதிகாரம். அதே அதிகாரத்தில் ஐந்து குறள் மேலே போனால் 462. 'தெரிந்த இனத்தொடு தேர்ந்தெண்ணிச் செய்வார்க்கு அரும்பொருள் யாதொன்றும் இல்.' ஆராய்ந்து சேர்த்துக்கொண்ட ஆட்களோடு கலந்து, தானும் எண்ணிச் செய்கிறவருக்கு ஆகாத காரியம் இல்லை. அரசனுக்குச் சொன்னதுதான், மாதச் சம்பளக்காரனுக்கும் பொருந்தும். எண்ணித் துணியச் சொன்னவர், யாரோடு சேர்ந்து எண்ணுவது என்பதை முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டார். தலைவர் ஐயா அதிகாரத்தின் கீழ்ப்பாதியை மட்டும் படித்துவிட்டு மேடையேறியிருக்கிறார்.

நியூட்டன். கொள்ளைநோய்க்காகப் பல்கலைக்கழகத்தை மூடியதும் வீட்டில் தனியாக இருந்து யோசித்தார், மறுக்கவில்லை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தலாமா? 1684 ஆகஸ்டில் எட்மண்ட் ஹாலி என்ற வானியலாளர் அவரைப் பார்க்கப் போகிறார். சூரியனின் ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்தால் கோள் எந்தப் பாதையில் போகும் என்று கேட்கிறார். நீள்வட்டம் என்று சட்டென்று பதில் வருகிறது. எப்படித் தெரியும்? கணக்குப் போட்டிருக்கிறேனே! எங்கே அந்தக் கணக்கு? தேடுகிறார், தாள் கிடைக்கவில்லை. திரும்பப் போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்புகிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்து 1687இல் வெளிவந்ததுதான் பிரின்சிப்பியா என்ற நியூட்டனின் பெரும் நூல். அச்சுச் செலவும் ஹாலியின் பையிலிருந்துதான் போனது. தனிமை அந்தக் கணக்கை எங்கேயோ வைத்துத் தொலைத்தது. ஒருவர் நேரில் வந்து கேட்டதால்தான் அது திரும்பக் கிடைத்தது.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் ஜிப் வைத்த பை கொண்டு வந்திருப்பீர்கள். ஜிப் எப்படி வேலை செய்கிறது, தெரியுமா? தெரியும் என்றுதான் தலையாட்டுகிறீர்கள். சரி, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குங்கள். 'அது வந்து... ரெண்டு பக்கமும் பல்லு இருக்கு... நடுவுல அது இழுக்கும்போது...' எது? எதை இழுக்கும்? ஏன் மேலே போனால் சேர்கிறது, கீழே வந்தால் பிரிகிறது? ரோசன்ப்ளிட், கெய்ல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஜிப், பூட்டு, கழிப்பறைத் தண்ணீர்த்தொட்டி என்று தினமும் கை படும் பொருள்கள். உங்களுக்கு எவ்வளவு புரியும் என்று முதலில் மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாராளமாகப் போட்டார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லிவிட்டு, மறுபடி மதிப்பெண் போடச் சொன்னார்கள். இறங்கிவிட்டது.

கவனியுங்கள், இடையில் யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை, திருத்தவும் இல்லை. விளக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். மண்டைக்குள் இருந்தவரை முழுசாகத் தெரிந்த ஒன்று, வெளியே எடுத்ததும் ஓட்டையாகிவிட்டது. ஜிப்புக்கே இந்தக் கதி என்றால், 'எனக்கு எந்த வேலை பிடிக்கும்' என்பதற்கு?

மென்பொருள் எழுதுகிறவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. மேஜையில் ஒரு ரப்பர் வாத்து. நிரல் வேலை செய்யவில்லை என்றால் வாத்துக்கு வரி வரியாக விளக்குவார்கள். பாதி விளக்குவதற்குள் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். தலைவர் ஐயா சிரிக்கிறார். வாத்து பேசாதே, அப்படியானால் அது தனிமைதானே என்று அடுத்து வருகிறவர் கேட்கப்போகிறார். கேட்கட்டும். வாத்து இல்லாமல் அதே நாற்காலியில் மூன்று மணி நேரம் அந்த ஆள் தனியாகத்தானே உட்கார்ந்திருந்தார், அப்போது ஏன் தப்பு தெரியவில்லை? எதிரே ஒன்றும் தெரியாத ஓர் ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டால்தான் நாம் தாவாமல் சொல்கிறோம். லெவ் வைகாட்ஸ்கி என்ற சோவியத் உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். குழந்தை முதலில் மற்றவர்களோடு பேசுகிறது. அப்புறம் விளையாடும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்கிறது. அந்தப் பேச்சுத்தான் போகப்போகச் சத்தம் அடங்கி உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். ஐயா, நீங்கள் தனிமை என்று கொண்டாடுகிறீர்களே, அது எங்கள் அணியிலிருந்து வாங்கிப்போன கடன்!

என் கதை ஒன்று சொல்லலாமா? நடுவர் அனுமதிக்க வேண்டும்.

நான் கணக்குப் பிரிவில் ஆறு வருஷம் இருந்தேன். இருக்கலாமா, போகலாமா என்று ஒரு நோட்டுப் போட்டேன். நடுவில் கோடு. இந்தப் பக்கம் இருந்தால் என்ன லாபம், அந்தப் பக்கம் போனால் என்ன லாபம். ராத்திரி வீடு அடங்கினதும் எடுப்பேன். ஒரு சத்தம் இருக்காது. தலைவர் கேட்கிற தனிமை, கலப்படமே இல்லாதது. பதினெட்டு மாதம் எழுதினேன். இந்தப் பக்கம் 41 வரி, அந்தப் பக்கம் 43. இரண்டு வரி வித்தியாசத்தை நம்பி ஒருவன் வேலையை விடுவானா? அடுத்த வாரமே இந்தப் பக்கம் மூன்று வரி கூடிவிட்டது. பின்னாளில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே கவலையை ஏழு இடத்தில் ஏழு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். செக்குமாட்டுக்கும் கால் வலிக்கும், நெடுந்தூரம் நடந்த களைப்பும் இருக்கும்.

பக்கத்து மேஜையில் ஓர் அக்கா. ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. ஒரு நாள் மதிய இடைவேளையில் அவரிடம் சொன்னேன். நோட்டைக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். எண்பத்துச் சொச்சம் வரியும் மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோய்விட்டது. அதுவே எனக்கு முதல் அதிர்ச்சி. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்:

"நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்க்கிற தெரியுமா? எனக்கு மணி தெரியணும்னா உன் மூஞ்சியைப் பார்த்தாப் போதும். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நீ கணக்கு சொல்லிக் கொடுக்கிற அன்னைக்கு மட்டும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிற. போன வாரம் எல்லாரும் கிளம்பியாச்சு, பாதி விளக்கை அணைச்சாச்சு. நீ அந்தப் பொண்ணுக்கு வரவு எது, பற்று எதுன்னு இன்னும் கோடு போட்டுக்கிட்டு இருந்த."

நடுவர் அவர்களே, அந்த நோட்டு முழுக்கத் தேடினாலும் 'சொல்லிக் கொடுப்பது' என்ற சொல் கிடையாது. சம்பளம் இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார், வீட்டுக்கடன் இருக்கிறது, என் வயது இரண்டு இடத்தில் இருக்கிறது. இது இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன செய்கிறேன் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது அக்கா. வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இன்று நான் கணக்குப்பதிவியல் வாத்தியார்.

'உன் கதை உனக்கு, ஊருக்கு என்ன?' என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரி, ஊருக்கே தெரிந்த ஆள் ஒருவரைச் சொல்கிறேன். 1831, சார்லஸ் டார்வினுக்கு 22 வயது. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர், அடுத்துப் பாதிரியாராவது என்று ஏற்பாடு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கடிதம் வருகிறது, பீகிள் என்ற கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் போகலாமா என்று. அப்பா வேண்டாம் என்கிறார். மகனும் வர முடியாது என்று பதில் எழுதிவிடுகிறார். ஆனால் அப்பா ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்: விவரம் தெரிந்த ஒரே ஓர் ஆள் போகச் சொன்னாலும் சம்மதிக்கிறேன் என்றிருந்தார்.

டார்வின் யாரிடம் போனார் தெரியுமா? தாய்மாமனிடம்! எல்லா மொழியிலும் தாய்மாமன் தாய்மாமன்தான். ஜோசையா வெட்ஜ்வுட் என்று பெயர். அப்பாவின் மறுப்புகளை டார்வின் எட்டாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். பாதிரியாராகப் போகிறவனுக்கு அழகில்லை, மறுபடியும் தொழிலை மாற்றுகிறான், திரும்பி வந்தால் ஓரிடத்தில் நிலைக்க மாட்டான், வீண் வேலை, இப்படி. மாமா எட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார். அதில் ஒரு பதிலை மட்டும் கேளுங்கள். இந்தப் பையன் தொழிற்படிப்பில் மூழ்கிக் கிடந்தால் நானே கலைக்க வேண்டாம் என்பேன், ஆனால் அவன் அப்படி இல்லையே, இப்போது அவன் தேடிக்கொண்டிருக்கும் அறிவும் அந்தப் பயணத்தில் தேடப்போகும் அறிவும் ஒரே தடத்தில்தானே போகின்றன என்கிறார். எங்கள் அக்கா கடிகாரத்தை வைத்துச் சொன்னதும் இதே வகைதான். பையன் மனசில் என்ன இருக்கிறது என்று மாமா துருவவில்லை, அவன் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார். அப்பா இறங்கி வந்தார். டிசம்பர் 27ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. திரும்பி வர ஏறத்தாழ ஐந்து வருஷம். மறுப்புக் கடிதம் எழுதிய அந்த இளைஞர் அன்று கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தே முடிவெடுத்திருந்தால்? முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, போகவில்லை என்பதுதான் முடிவு.

இனி அந்த மூன்றாவது வாதம். கூட்டம் குழப்பும் என்றார். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனையையும் எடுத்து வைத்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்து அட்டையில் உள்ள மூன்றில் எது அதற்குச் சமம் என்று கேட்பார்கள். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் ஏற்பாட்டு ஆட்கள், கூசாமல் ஒரே தப்பான விடையைச் சொல்வார்கள். நிஜமாகச் சோதிக்கப்படுகிறவர் சொன்ன விடைகளில் சுமார் மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகிப் போனது. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். வேலை விஷயத்தில் இது எவ்வளவு கொடுமை என்று இங்கே இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பயந்து, பிடிக்காத படிப்பில் சேர்ந்து, பிடிக்காத நாற்காலியில் முடி நரைத்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் பேச்சு இல்லாமல் இல்லை. பேச்சுதான் எந்நேரமும் இருந்தது. கேள்விதான் இல்லை. இந்த இடத்தில் எதிரணிக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன், நடுவரும் தரலாம்.

ஆனால் ஆஷ் அதோடு நிறுத்தவில்லையே ஐயா. அதே அறையில், சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணையை உட்கார வைத்துப் பார்த்தார். தப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அத்தனை பேர் அழுத்தத்தை ஒருத்தர் உடைத்துவிட்டார். அந்த ஆளைத் தனியறையில் உட்கார்ந்து யோசிக்கச் சொல்லலாம், அங்கே சரியான விடை வரும்தான். ஆனால் யாருக்கு ஆயுசு முழுக்கத் தனியறை கிடைக்கிறது? வெளியே வந்ததும் அதே கூட்டம், அதே அட்டை. அப்போது பக்கத்தில் ஒருத்தர் வேண்டும். எங்கள் அணி 'பிறரோடு பேசு' என்றால், தெருவில் போகிறவரையெல்லாம் பிடித்து 'நான் என்ன ஆகலாம்' என்று கேள் என்று பொருளில்லை. நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தர். நம் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருத்தர். சொல்வதைவிட அதிகமாகக் கேட்கிற ஒருத்தர். என் அக்காவுக்கு நாலு மாதத்தில் ஓய்வு. நான் இருந்தால் என்ன, போனால் என்ன அவருக்கு!

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் ரெஸ்னியெவ்ஸ்கி, டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள், 2001இல் வெளிவந்தது. ஒரே வேலை, ஒரே துடைப்பம். சிலர் தரை துடைக்கிறேன் என்றார்கள். வேறு சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றார்கள். இந்த இரண்டாவது வகையினர்தான் நோயாளியிடமும் பார்க்க வந்தவரிடமும் செவிலியரிடமும் நின்று பேசுகிறவர்கள். இதற்கு எதிரணி என்ன சொல்லப்போகிறது என்று ஆவலாக இருக்கிறேன்.

இதோ, அடுத்துப் பேச வேண்டிய நண்பர் எதிரணி மேஜையில் தலைவரின் காதோடு காதாக ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து இது நாலாவது தடவை. நடுவர் அவர்களே, அவரைக் கொஞ்ச நேரம் தனியாக யோசிக்க விடச் சொல்லுங்கள். நான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.