கான்கிரீட்டுக்கும் வயதாகும்

அவையோருக்கு வணக்கம். மதுரையில் பழமை என்று பேச்செடுத்தால் கல்லும் சுதையும்தான் கண்முன் வரும். திருமலை நாயக்கர் மகால் தூணில் யாராவது எமல்ஷன் அடிக்கப் போனால் ஊரே திரண்டு தடுக்கும். 1960களில் எழுந்த கான்கிரீட் கல்விக்கூடத்துக்கு அந்தக் கரிசனம் கிடைப்பதில்லை. தில்லியில் ராஜ் ரேவால் வடிவமைத்த, 1972-இல் திறக்கப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கான்கிரீட் கண்காட்சி மண்டபம் 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. 60 ஆண்டு நிறையாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலுக்கு உரியதன்று என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். நம் காமராசர் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1966-இல்தான்.

இடிப்பதைவிட எனக்கு அச்சம் தருவது அவசர ‘ரிப்பேர்’. இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் வெளிச்சுவரில் சென்ட்ரிங் பலகையின் மரவரி அப்படியே பதிந்திருந்ததை மாணவனாக இருந்தபோது விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்துப் போனால், அதன்மேல் பூசி, பிஸ்தா பச்சை அடித்து, வெயில் மறைக்க நிறுத்திய செங்குத்துத் தடுப்புகளின் இடைவெளியில் ஏசியின் வெளிப்பெட்டிகளைச் செருகியிருந்தார்கள். பூச்சு அதற்குள் உப்பிவிட்டிருந்தது.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றின் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்க, ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறிப் பருத்து மேற்பரப்பைப் பிளக்கிறது. பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதுபோல் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடம் ‘ணங்’ என்றும் விட்டுப்போன இடம் ‘பொத்’ என்றும் சொல்லும். புதிதாக உடைத்த முகத்தில் காரத்தைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல பகுதி ஊதாச் சிவப்பாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. சிவப்பு கம்பிக்கு வெளியிலேயே தொடங்கினால் கை வைக்க வேண்டாம். கம்பியைத் தாண்டி உள்ளேதான் தொடங்குகிறது என்றால், கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, பழைய மணலுக்கும் ஜல்லிக்கும் ஒத்த கலவையால் அடைத்து, அதே மரவரி விழும்படி பலகை கட்ட வேண்டும். அதற்குமுன் கட்டடத்தின் பின்புறத்தில் மாதிரி செய்து, ஒரு மழைக்காலம் பொறுத்து நிறம் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த விக்ரம் சாராபாய் நூலகத்தைப் பொறுமையாகச் சீரமைத்து 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்றார்கள். மறு ஆண்டே அதே வளாகத்து விடுதிகளை இடிக்கும் திட்டம் வந்து, எதிர்ப்பால் நின்று, 2022-இல் மீண்டும் கிளம்பியது. ஒரு விருது ஒரு வளாகத்தைக் காப்பாற்றிவிடாது.

புதிய வசதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்குச் சாய்தளமும் லிஃப்டும் வேண்டும். லிஃப்டைப் பின்பக்கம் தனியாக எழுப்பி, தளத்துக்குத் தளம் ஒரு சிறு பாலத்தால் இணைத்தால் பழைய சுவரை அதிகம் உடைக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் விரிசல் கண்ட தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்து, ஏசிப் பெட்டிகளை அங்கே ஏற்றிவிடலாம். தடுப்புகளின் இடைவெளியில் மறுபடி காற்று நுழையும். மார்கழி, தை வகுப்புகளுக்கு ஏசி போடவேண்டிய தேவையே இராது.